நைட் ஷிப்டை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? புது எச்.ஆர். ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்.டபிள்யூ. முடித்தோ எம்.பி.ஏ. முடித்தோ ஒரகடம், ஓசூர், சூலூர் என்று எங்கேயோ ஒரு கம்பெனியில் எச்.ஆர். எக்சிக்யூட்டிவாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "நைட் ஷிப்ட்ல டிசிப்ளின் சரியில்லப்பா, இனிமே நீ பாத்துக்கோ" என்பார். உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன், அங்கே ஷிப்டுகளுக்கு டே, ஹாஃப் நைட், ஃபுல் நைட் என்று பெயர். பிறகு வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு வந்தபோது அதுவே ஏ, பி, சி ஆனது. பெயர்தான் மாறியது, விடியற்காலை மூன்றரை மணிக்கு நடக்கும் கூத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முந்நூறு, நானூறு பேர் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி, கால் சென்டர் என்றால் சட்டத்தின் பெயர் கொஞ்சம் மாறும், மனிதர்கள் மாற மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரம்: போய் நில்லுங்கள், போதும்

முதல் இரவு நான் கையில் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். கேட்டில் செக்யூரிட்டி எனக்குச் சல்யூட் வைத்த கையோடு உள்ளே இன்டர்காமில் தகவல் கொடுத்துவிட்டார். நான் ஸ்பின்னிங் டிபார்ட்மென்டுக்குள் நுழைந்தபோது ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கவில்லை, அத்தனை பேரும் நூல் அறுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மேனேஜரிடம், "சார், நைட் ஷிப்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னேன். அவர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

அதனால் முதல் வாரம் மூன்று இரவாவது, இரண்டாம் வாரம் இரண்டு இரவாவது, முழு ஷிப்டும் இருங்கள். ஆளைப் பிடிக்கப் போகாதீர்கள். முதல் நாள் விறைப்பாக நிற்பார்கள், மூன்றாம் நாள் உங்களை மறந்துவிடுவார்கள். அப்போதுதான் இடம் கண்ணில் படும். கேன்டீனில் இரவு சாப்பாடு என்ன வருகிறது, மத்தியானம் மிஞ்சிய சாம்பாரா? டீ எத்தனை மணிக்கு, சூடாக வருகிறதா? டாய்லெட்டில் விளக்கு எரிகிறதா? முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? பல இடங்களில் அந்தச் சாவி பகலில் வரும் ஸ்டோர்ஸ்காரர் பையில் அவர் வீட்டுக்குப் போய்விடும், நான் கண்ணால் பார்த்தது. கை வெட்டுப்பட்டால் எந்த வண்டி, யார் ஓட்டுவது, 108-க்கு யார் போன் அடிப்பது, எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் வரும்? இதையெல்லாம் சரிசெய்யாமல் மொபைல் போன் பாலிசியோடு உள்ளே போனீர்களானால், "டீத்தண்ணிக்கு வழியில்ல, ரூல்ஸ் பேச வந்துட்டாரு" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரவு ஷிப்டில் இருப்பவருக்குச் சம்பள ரசீதில் குழப்பம் என்றால் என்ன செய்வார்? காலை ஏழு மணிக்கு வேலை முடித்து, ஒன்பது மணிக்கு எச்.ஆர். வரும்வரை செக்யூரிட்டி ரூம் பெஞ்சில் காத்திருப்பார். ஒன்பதே காலுக்கு நாம் வந்து, "மீட்டிங் இருக்குண்ணே, பதினோரு மணிக்கு மேல வாங்க" என்போம். தூங்க வேண்டிய நாலு மணி நேரம் அங்கேயே போய்விடுகிறது. அன்று இரவு அவர் மெஷின் பக்கத்தில் கண் அசந்தால் மெமோ கொடுப்பதும் நாம்தான். எனவே வாரத்தில் ஒரு நாள், புதனோ வியாழனோ, இரவு பத்தரை முதல் ஒரு மணி வரை கேன்டீனில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். பி.எஃப்., அதன் பொதுக் கணக்கு எண்ணான யு.ஏ.என்.னில் மொபைல் நம்பர் மாற்றுவது, இ.எஸ்.ஐ. கார்டில் மனைவி பெயர் சேர்ப்பது, லீவு பாக்கி எவ்வளவு என்பது, எல்லாம் அங்கேயே. நான் செய்ததிலேயே அதிகம் பலன் கொடுத்தது இந்த ஒரு மேசைதான்.

சட்டத்தில் எதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், கம்பெனியின் வேலை விதிகளை வரையறுக்கச் சொல்லும் 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம் எல்லாம் அவற்றுக்குள் போய்விட்டன. ஆனாலும் ஃபேக்டரியில் சீனியர்கள் வாயில் இன்னும் பழைய பிரிவு எண்கள்தான் வரும், இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் ஓ.டி. என்றால் இரட்டிப்புக் கூலி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது இடைவெளி விடுவது 1948 சட்டத்திலிருந்தே பழக்கமான கணக்கு. இரவில் இந்த அரை மணி நேரத்தைத்தான் முதலில் தின்பார்கள், "ரிலீவர் இல்ல, மெஷின நிறுத்த முடியாது" என்று.

இரவுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. பழைய சட்டத்தில் அது 57-வது பிரிவு. ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், வார விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம். நள்ளிரவுக்குப் பின் செய்த வேலை முந்தின நாள் கணக்கில் சேரும். புதிய தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. சனிக்கிழமை இரவு பதினொன்றுக்கு உள்ளே போனவர் ஞாயிறு காலை ஏழுக்கு வெளியே வருகிறார் என்றால் அவருடைய விடுமுறை திங்கள் காலை ஏழு வரை. "ஞாயித்துக்கெழம பூரா லீவுதானே, ராத்திரி பதினொன்னுக்கு வந்துடு" என்று கூப்பிட முடியாது. புது ஆட்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான், வருகைப் பதிவேடான மஸ்டரில் தேதியைப் போடும்போது. பண்டிகை விடுமுறையிலும் இதே குழப்பம் வரும். ஆகஸ்ட் 15 லீவு என்றால் 14-ஆம் தேதி இரவு ஷிப்டுக்கா, 15-ஆம் தேதி இரவு ஷிப்டுக்கா? எதுவாக இருந்தாலும் வருட ஆரம்பத்திலேயே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். 14-ஆம் தேதி சாயந்திரம் உட்கார்ந்து முடிவு செய்தால் கேட்டில் சண்டைதான்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பற்றி யாராவது மேலிடத்தில் ஆசைப்பட்டால், 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அதற்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்ததை நினைவுபடுத்துங்கள். தொழிலாளர்கள் அதை மறக்கவில்லை.

பாலிசியை இரவுக்கு ஏற்றபடி ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கம்பெனி பாலிசி புத்தகம் நாற்பது பக்கம் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும், பகலில் வேலை செய்பவர் எழுதியிருப்பார். இரவு மூன்று மணிக்கு அதை யார் புரட்டுவது? உங்களுக்குத் தேவை ஷிப்ட் இன்சார்ஜ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க ஒரே ஒரு தாள். மூன்றே விஷயம் போதும். அவரே முடிவெடுக்கக் கூடியவை: ஒரு மணி நேரப் பெர்மிஷன், ஆளை ஒரு லைனில் இருந்து இன்னொரு லைனுக்கு மாற்றுவது, உடம்பு சரியில்லாதவரை முதலுதவி அறைக்கு அனுப்புவது. எந்த நேரமானாலும் போன் பண்ணி எழுப்ப வேண்டியவை: விபத்து, அடிதடி, குடித்துவிட்டு வந்தவர், பெண் தொழிலாளி எந்தப் புகார் சொன்னாலும், போலீஸ் கேட்டுக்கு வந்தால். எழுதி வைத்துவிட்டுக் காலைவரை காத்திருக்க வேண்டியவை: மற்ற எல்லாம்.

அந்தத் தாளில் யார் பெயர், யார் நம்பர் என்று இருக்க வேண்டும், பதவிப் பெயர் மட்டும் போட்டால் போதாது. அந்த நம்பர் உங்களுடையது என்றால் இரவில் போனை சைலன்டில் போடாதீர்கள். இரண்டு தடவை எடுக்காமல் விட்டீர்கள் என்றால் மூன்றாவது தடவை போன் வராது, அவர்களே ‘பஞ்சாயத்து’ பண்ணி முடித்துவிடுவார்கள், அது உங்களுக்கு இருபது நாள் கழித்து வேறு உருவத்தில் வந்து சேரும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அந்தத் தாளின் இந்தி, ஒடியா வடிவமும் வேண்டும். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பெரும்பாலும் இரவில் இருக்க மாட்டார், கணக்கில் மட்டும் இருப்பார். அவர்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் கேட்க யாருமே இல்லாத நேரம் அது.

தூக்கம்: நீங்கள் அதிகம் தடுமாறப் போகும் இடம்

விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை உடம்பு தன்னைத்தானே அணைத்துக்கொள்ளப் பார்க்கும், மன உறுதியால் மட்டும் வெல்லக் கூடிய சமாச்சாரம் இல்லை அது. இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சேர்த்து, 2019-ல் மீண்டும் உறுதி செய்திருக்கிறது. இதைச் சொல்வது மெமோ கொடுக்காதீர்கள் என்பதற்காக இல்லை. எந்தத் தூக்கத்துக்கு மெமோ என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதற்காக.

இடைவேளை அரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் தலை சாய்த்தால் அது அவருடைய நேரம், அதைத் தொடாதீர்கள். முடிந்தால் அதற்கென்று ஒரு இடமும் பெஞ்சும் கொடுங்கள், மெஷின் பக்கத்தில் படுப்பது பாதியாகக் குறையும். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண் சொருகினால் அது களைப்பு. எழுப்பி, முகம் கழுவச் சொல்லி, ஆளை மாற்றிவிட வேண்டும், ஓடும் மெஷினில் கை போய்விடும். மெஷினை ஓடவிட்டு, ரேக்குக்குப் பின்னால் அட்டை விரித்து, பையைத் தலைக்கு வைத்து, அலாரமும் வைத்துப் படுத்திருந்தால் அது ஏற்பாடு. அதற்குத்தான் மெமோ.

பிடித்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இதுக்கு முந்தின ஷிப்டும் பாத்தீங்களா?" டபுள் அடித்தவர் என்றால், பதினாறு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு ஏன் தூங்கினாய் என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்த மெமோ டபுளுக்குக் கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசருக்குப் போக வேண்டும். நான் இதைச் சொன்ன அன்று புரொடக்‌ஷன் மேனேஜர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை, ஆனால் டபுள் ஷிப்ட் குறைந்தது.

அடுத்து, எழுதும் விதம். "412 தூங்கினான், வார்ன் பண்ணினேன்" என்று லாக் புக்கில் எழுதுவார்கள். என்கொயரியில் அது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. இப்படி எழுதச் சொல்லிக் கொடுங்கள்: "இரவு 3.20. கிரைண்டிங் லைன், மெஷின் 7. டோக்கன் 412 மெஷினுக்குப் பின்னால் தரையில் அட்டை விரித்துப் படுத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டபின் எழுந்தார். முந்தின ஷிப்ட் வேலை செய்யவில்லை. அவர் சொன்னது: பிள்ளைக்குக் காய்ச்சல், பகலில் தூங்கவில்லை. உடன் பார்த்தவர்கள் இரண்டு பேர், கையெழுத்து கீழே." அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவது முக்கியம். கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதிச் சாட்சிகள் போட்டால் போதும், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

போட்டோ? வேண்டுமென்றால் ஒன்று எடுங்கள், அது உங்களுக்கும் இன்சார்ஜுக்கும் மட்டும். நான் இருந்த ஒரு இடத்தில் ஒரு சூப்பர்வைசர் வாயைத் திறந்தபடி தூங்கிய ஒருத்தரைப் படம் எடுத்து ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் சிரிப்பு பொம்மையோடு போட்டுவிட்டார். காலையில் அந்த ஆளின் பையன் கையில் அது இருந்தது. அப்புறம் தூங்கியது யார் என்ற பேச்சே போய்விட்டது, இரண்டு நாள் கேட் மீட்டிங், கடைசியில் சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டார். தூங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தூங்கியதற்கு வேலைநீக்கம் செல்லுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பாரத் ஃபோர்ஜ் வழக்கைப் படியுங்கள். 1983-ல் காலை 11.40-க்கு, ஆம், பகலில்தான், இரும்புத் தகட்டின் மேல் தூங்கிய தொழிலாளியை நீக்கியது சரிதான் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது முதல் தடவை இல்லை. ஏற்கெனவே மூன்று முறை தவறு செய்து சிறிய தண்டனைகள் வாங்கியிருந்தார், அதெல்லாம் ஆவணத்தில் இருந்தது. சம்பவத்துக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் 21 வருடத்துக்கு மேல் ஓடியதையும் கவனியுங்கள். முதல் மூன்று தடவையை ஒழுங்காக எழுதாதவர்கள் நான்காவது தடவை கோர்ட்டில் போய் நிற்கக் கூடாது.

சம்பளத்தில் கைவைக்கும் முன்

தூங்கினால் அரை நாள் வெட்டு, பத்து நிமிடம் லேட் என்றால் அரை நாள் வெட்டு, இப்படி வாய்வழி ‘சட்டம்’ பல இடங்களில் இரவில் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்துங்கள். வராத நேரத்துக்கு அந்த நேரத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். அபராதம் என்றால், எந்தச் செயல்களுக்கு என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நைட் அலவன்ஸ் வேறு கதை. அது ஒப்பந்தத்திலோ கம்பெனி வழக்கத்திலோ வருவது. அதை வெட்டுவதாக மிரட்டுவது ரொம்பச் சுலபம் என்பதால்தான் சூப்பர்வைசர்களுக்கு அது பிடிக்கும்.

குடித்துவிட்டு வந்தால்

டாஸ்மாக் இரவு பத்து மணிக்குச் சாத்துகிறது. உங்கள் சி ஷிப்ட் பத்தரைக்கோ பதினொன்றுக்கோ தொடங்குகிறது. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்டில் ஊதிப் பார்க்கும் கருவி வைத்தால், எல்லோருக்கும் வையுங்கள், இல்லையென்றால் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரை எடுங்கள். கான்ட்ராக்ட் பையன்களை மட்டும் ஊதச் சொல்லிவிட்டு, பெர்மனென்ட் ஆட்களையும் இன்ஜினியர்களையும் கும்பிடு போட்டு அனுப்பினால் அந்தப் பாலிசி ஒரு வாரத்தில் செத்துவிடும். நீங்களும் ஊதுங்கள். ஒருத்தருக்கு அளவு காட்டினால், மேல் நடவடிக்கை வரும் என்று தோன்றினால், டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சான்று வாங்குங்கள். ‘வாடை வந்தது’ மட்டும் என்கொயரியில் நிற்காது. நடை எப்படி இருந்தது, பேச்சு எப்படி இருந்தது என்று பார்த்ததை எழுத வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. "உள்ள விட முடியாது, வீட்டுக்குப் போ" என்று சொல்லி பைக் சாவியோடு இரவு பதினொரு மணிக்கு ஹைவேயில் அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போன் பண்ணி யாரையாவது வரச் சொல்லுங்கள், இல்லை கம்பெனி வண்டியில் அனுப்புங்கள், அதுவும் முடியாவிட்டால் முதலுதவி அறையில் காலைவரை உட்காரட்டும். வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் நடக்கும் விபத்தையும் வேலையோடு சேர்ந்த விபத்தாகப் பார்க்க இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் வழி செய்யப்பட்டது. சட்டம் கிடக்கட்டும், அந்த ஆள் வீடு போய்ச் சேர வேண்டும். மெமோவைப் பகலில் கொடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் இரவு ஷிப்டில் இருந்தால்

மாலை ஏழு மணிக்கு மேல் பெண்களுக்குத் தொழிற்சாலையில் வேலை இல்லை என்ற பழைய பிரிவை 2000-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. கூடவே நிபந்தனைகளும் போட்டது: தனித்தனியாக இல்லாமல் குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவாக, போக்குவரத்து வசதியோடு, பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கு மாற்றும்போது இடையில் 12 மணி நேர ஓய்வோடு. இப்போதைய தொகுப்பும் பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்போடும்தான் என்கிறது. சேரும் நாளில் பதினெட்டுப் படிவங்களோடு பத்தொன்பதாவதாகக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் சம்மதம் இல்லை. தனியாக உட்கார வைத்து, வேண்டாம் என்றாலும் வேலை போகாது என்று தமிழில் சொல்லி, பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் தொழிலாளிக்கு ஒருத்தன் தொல்லை கொடுக்கிறான் என்றால் யாரிடம் சொல்வார்? பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார் குழுவின் தலைவி காலை ஒன்பதுக்கு வருவார். லைனில் இருப்பது இன்சார்ஜ், சில நேரம் தொல்லை கொடுப்பவனே அவன்தான். எனவே இரவு ஷிப்டிலேயே ஒரு பெண்ணைத் தொடர்பாளராக நியமித்து, குழுத் தலைவியின் நம்பரை டாய்லெட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வேறெங்கு ஒட்டினாலும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 181 மகளிர் உதவி எண்ணையும் அதிலேயே போடுங்கள். புகாரைக் காதில் வாங்கியவர் தானே விசாரணை நடத்தக் கூடாது. செய்ய வேண்டியது: இருவரையும் அந்த ஷிப்டுக்கு வேறு வேறு இடத்தில் வைப்பது, அந்தப் பெண்ணை வேலை முடியும்வரை தனியாக விடாதது, அந்த நேரத்து சி.சி.டி.வி. பதிவைக் காலையிலேயே எடுத்து வைப்பது. ஒரு மாதம் போனால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், பிறகு ஆளுக்கொரு கதை. புகார் கொடுக்க, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது, எனவே "நாளைக்கே எழுதிக் கொடு" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம், "அட விடும்மா" என்று அமுக்கவும் வேண்டாம்.

கம்பெனி பஸ்ஸும் கேப்பும் அதே சட்டத்தில் பணியிடம்தான். 2005-ல் பெங்களூரில் கால் சென்டர் பெண் ஒருவரை, அலுவலக வண்டி டிரைவர் என்று வந்தவன் கொலை செய்த பிறகுதான் நாட்டில் பல இடங்களில் இதற்கெல்லாம் விதிகள் எழுந்தன. முதலில் ஏறுபவரும் கடைசியில் இறங்குபவரும் பெண்ணாகத் தனியாக இருக்கக் கூடாது, அப்படி ஆனால் கூட ஒரு செக்யூரிட்டி போக வேண்டும். ரூட் போடும்போது டீசல் கணக்குப் பார்க்கும் அட்மின் ஆளோடு இதற்காகச் சண்டை போட வேண்டியிருக்கும். போடுங்கள்.

இரவில் எழுதுங்கள், பகலில் முடிவெடுங்கள்

இரவில் யாரையும் சஸ்பெண்ட் செய்யாதீர்கள். களைப்பில் எல்லோருக்கும் வாய் நீளும், உங்களுக்கும்தான். அடிதடி என்றால் பிரித்து, அடிபட்டவரைப் பார்த்து, இருவரையும் வேறு வேறு வண்டியில் அனுப்பி, பார்த்தவர்களிடம் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். நாளை மறுநாள் கேட்டால் யாருமே அந்தப் பக்கம் இருந்திருக்க மாட்டார்கள்.

பகலில், விளக்கம் கேட்டு நோட்டீஸ். பதில் சரியில்லை என்றால் குற்றச்சாட்டு மெமோ, என்கொயரி. சஸ்பென்ஷன் என்றால் முதல் 90 நாளுக்குப் பாதிக் கூலி பிழைப்பூதியமாகக் கொடுக்க வேண்டும், அதை மறந்துவிட்டு என்கொயரியே அடிபட்டுப் போன கதைகள் நிறைய. புது ஆட்கள் செய்யும் இன்னொரு தவறு, சி ஷிப்ட் முடித்தவரை அன்று காலை பதினொரு மணி என்கொயரிக்கு வரச் சொல்வது. எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்காருபவர் என்ன கேட்டாலும் "ஆமா சார்" என்பார், பிறகு லேபர் கோர்ட்டில் அவர் வக்கீல் அந்த மஸ்டரை எடுத்துக் காட்டுவார். அந்த வாரம் அவரை ஜெனரல் ஷிப்டில் போடுங்கள்.

மாதம் ஒருமுறை மெமோ ரிஜிஸ்டரை எடுத்து ஷிப்ட் வாரியாக, சூப்பர்வைசர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஏ ஷிப்டில் லேட்டாக வந்தவருக்குப் பெர்மிஷன், சி ஷிப்டில் அதே லேட்டுக்கு மெமோ என்று இருக்கும். நான் முதன்முதலில் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான மெமோ ஒரே ஒரு சூப்பர்வைசர் கையெழுத்தில் இருந்தது. அவர் கண்டிப்பானவர் என்று மேலே நல்ல பெயர். கீழே விசாரித்தால், வட்டிக்குப் பணம் கொடுத்து வாங்குபவர், திருப்பித் தராதவர்களுக்கு மெமோ. இதைப் பகலில் ஆபீஸில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கவே முடியாது.

சுழற்சி முறையையும் ஒருமுறை பாருங்கள். ஏ, பி, சி என்று முன்னோக்கிப் போவது உடம்புக்குச் சுலபம். சி, பி, ஏ என்று பின்னோக்கிச் சுற்றும் இடங்களில் தூக்கம், லேட், லீவு மூன்றுமே அதிகம் வரும். அட்டவணையை மாற்றினாலே தீர்ந்துவிடும் விஷயத்துக்கு வருடக்கணக்கில் மெமோ அடித்துக்கொண்டிருப்போம்.

ஷிப்ட் மாறும் பத்து நிமிடம்

காலை ஆறே முக்காலுக்கு இரவு இன்சார்ஜும் காலை இன்சார்ஜும் நேருக்கு நேர் நின்று பேச வேண்டும். எந்த மெஷின் நின்றது என்பதோடு, யார் உடம்பு சரியில்லாமல் போனார், யார் யாரோடு முறைத்துக்கொண்டார், யாருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்பதும் அதில் வர வேண்டும். முதல் ஒரு மாதம் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், பேச வேண்டாம். இரவு இன்சார்ஜ் "நீ மேனேஜர்ட்ட கேட்டுக்கோ" என்று ஒருத்தரிடம் சொல்லியிருந்தால், அந்த ஆள் மேனேஜரிடம் வந்தாரா என்று பிறகு விசாரியுங்கள்.

இரவு முழுக்க இருந்த நாளில் பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நான் ஒருமுறை அவிநாசி ரோட்டில் சிக்னலில் நின்றபடியே தூங்கிவிட்டேன், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து எழுப்பினார். ஏழேகால் கம்பெனி பஸ்ஸில் ஏறுங்கள். பின் சீட்டில் இடம் பிடியுங்கள், நோட்டைப் பைக்குள் வையுங்கள். பாதிப் பேர் பஸ் கிளம்புவதற்குள் தூங்கியிருப்பார்கள், மீதிப் பேர் பேசிக்கொண்டு வருவார்கள், முந்தின ராத்திரி உண்மையில் என்ன நடந்தது என்பது மூன்றாவது ஸ்டாப்புக்குள் உங்கள் காதில் விழுந்துவிடும்.